காரைக்குடியிலிருந்து சாங்கி: முதல்முறை சிங்கப்பூர் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பக்கத்துக்குச் சிங்கப்பூர் ஒன்றும் புது ஊர் இல்லை. எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். "கொண்டுவிக்கப் போயிருக்காக" (கடல் கடந்து தொழில் செய்யப் போயிருக்கிறார்கள்) என்று ஒரு வீட்டில் சொன்னால், பர்மாவா மலாயாவா என்றுதான் அடுத்த கேள்வி வரும். இப்போது போகிறவர்கள் வேறு: மகனுக்கு அங்கே வேலை, பேரன் பிறந்திருக்கிறான், இல்லையென்றால் தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயிலில் நிற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஆத்தாமார்களும் அப்பச்சிமார்களும். வருஷத்துக்கு ஓரிரு தடவை போய்வருகிறவன் என்பதால் எனக்குத்தான் போன் வரும். கேட்பது எப்போதும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள். சாங்கி விமான நிலையத்தில் தொலைந்துபோனவர் யாரையும் நான் பார்த்ததில்லை, ஆனால் பெட்டி கட்டும்போதே தப்பு செய்தவர்கள் நிறைய. அதனால் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விசா வேண்டுமா? ஆன்லைனில் ஏதோ கார்டு போட வேண்டும் என்கிறார்களே, அதுதான் விசாவா?

இரண்டும் வேறு வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட் தன் கூலியைச் சேர்ப்பார். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். விசா மின்னஞ்சலில்தான் வரும், பாஸ்போர்ட்டில் ஒட்ட மாட்டார்கள். ஒரு பிரதி அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் 'கார்டு' என்பது எஸ்ஜி அரைவல் கார்டு. முன்பு விமானத்தில் பேனா கடன் வாங்கி எழுதுவோமே, அதன் மின்னணு வடிவம். இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்திலோ அவர்களுடைய செயலியிலோ போட வேண்டும். இது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் காசு கேட்கும். எங்கள் அம்மான் ஒருவர் நாலு பேருக்குமாகச் சில ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு, "கார்டு நல்லபடியா வந்துருச்சுப்பா" என்று எனக்கே அனுப்பிவைத்தார். கார்டு உண்மையானதுதான், காசுதான் வீண்.

திருச்சிக்கு எப்படிப் போவது? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நமக்கு இதில் ஒரு வசதி. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை என்று வந்தால் திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே விமான நிலையம் வந்துவிடும். ஏறக்குறைய 85–90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும் என்றால், வழித் தாமதத்துக்கு அரை மணியும் சேர்த்து, வீட்டிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்பே வண்டி எடுத்தாக வேண்டும். நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிற வீடு என்றால் நேரத்தை முன்னால் தள்ளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.

பஸ்ஸிலும் போகலாம். ஆனால் ஏறும்போதே கண்டக்டரிடம் "ஏர்போர்ட் வழியாப் போகுமா, நிப்பாட்டுவீங்களா" என்று கேட்டுவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பயணிகள் புது முனையத்தில்தான் ஏறி இறங்குகிறார்கள். அது சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், இரண்டு பெட்டியும் வயதான ஆயாவும் கூட இருந்தால் பஸ் சரிப்படாது.

பலகாரம் கொண்டு போகலாமா? மசாலாப் பொடி?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான், அதிகமாகத் தப்பு நடக்கிற இடமும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாவுருண்டை, சீப்புச்சீடை, தேன்குழல், கைமுறுக்கு, மணகோலம் எல்லாம் தாராளமாகக் கொண்டு போகலாம். வீட்டு உபயோகத்துக்கு என்கிற அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது கிலோ சீடை கொண்டு போனால் கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கசகசா கூடவே கூடாது. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால், அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்று போதைப்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நம் வீட்டுக் குருமாப் பொடியில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். போன தடவை நான் கிளம்பும்போது வளவில் பெட்டியை விரித்துப்போட்டு, கொக்கித் தராசில் மாட்டி நிறுத்துக்கொண்டிருந்தோம். இருபது கிலோவுக்கு நானூறு கிராம் கூடுதல். எதை எடுப்பது என்று ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தபோது, ஆத்தா மஞ்சள் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றி வைத்திருந்த பொடி வெளியே வந்தது. "இதுல கசகசா போட்டீகளா?" என்றேன். "அது போடாம என்ன குருமா?" என்றார்கள். பொட்டலம் அடுப்படிக்குத் திரும்பிப் போனது, எடையும் சரியாகிவிட்டது. கசகசா சேர்க்காமல் தனியாக அரைத்துக் கொண்டு போங்கள். சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு இதற்கெல்லாம் தடை இல்லை. தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதியில்) இவை எல்லாமே கிடைக்கும் என்பது வேறு விஷயம். சொன்னால் ஆத்தாமார் நம்ப மாட்டார்கள்.

உப்புக்கண்டமும் கூடாது. இந்தியாவிலிருந்து எந்த இறைச்சியும், காய்ந்ததோ வறுத்ததோ, உள்ளே விட மாட்டார்கள். புகையிலை, ஹான்ஸ், பான் மசாலா வகையறா வேண்டவே வேண்டாம். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை, சூயிங்கத்துக்கு 1992-லிருந்தே தடை. வெற்றிலையும் சீவலும் போட்டால் தப்பில்லை, ஆனால் வெளியே துப்பினால் அபராதம். மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம்.

மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முழுக் கொப்பரையைப் பெட்டியில் போடாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று திருச்சியிலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாய் ஜாடி பெட்டிக்குள் போகட்டும்.

தெரிந்தவர் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறார், வாங்கலாமா?

பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருளுக்கு அந்த நாட்டில் தூக்குத் தண்டனை வரை உண்டு. பங்காளி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்? இங்கிலீஷ் தெரியாதே.

சுமார் நாலு மணி நேரப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். கூட்டம் போகிற திசையிலேயே நடந்தால் குடிநுழைவுக்கு வந்துவிடலாம். இப்போது பெரும்பாலும் தானியங்கி வாசல்தான்: பாஸ்போர்ட்டை வைக்கச் சொல்லும், முகத்தையும் கைரேகையையும் பார்க்கும், கதவு திறக்கும். கம்பு ஊன்றி நடப்பவர்கள், கைரேகை தேய்ந்துபோனவர்கள் பதற வேண்டாம், பக்கத்திலேயே ஊழியர்கள் நிற்பார்கள், தனி வரிசைக்கு அனுப்புவார்கள். எங்கள் ஆயாவுக்கு அறுபது வருஷம் அம்மி அரைத்த கை. இயந்திரம் மூன்று தடவை கேட்டுவிட்டுக் கைவிட்டது, அப்புறம் ஒரு அம்மா சிரித்தபடி கவுன்டருக்கு அழைத்துப் போனார்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது அரைவல் கார்டில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். அதனால் அந்த இடத்தில் பிள்ளையின் மின்னஞ்சலையோ, நீங்கள் தினமும் பார்ப்பதையோ கொடுங்கள். ஏஜென்டின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, எத்தனை நாள் கிடைத்தது என்றே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

எங்கே தங்குகிறீர்கள், யார் வீடு, எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். மகன் வீட்டு முகவரியும் போன் எண்ணும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பையில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்தால், சார்ஜ் சரியாக அந்த நேரம்தான் போகும். தமிழ் அங்கே ஆட்சிமொழி, தமிழ் பேசுகிற ஊழியர் கிடைப்பது கஷ்டமில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டும்.

மகன் வேறு முனையத்தில் நிற்கிறேன் என்கிறான். என்ன செய்வது?

முனையங்கள் நாலு. 1, 2, 3 மூன்றுக்கும் நடுவே குட்டி ரயில் ஓடுகிறது, காசு இல்லை. நான்காவது தள்ளி இருக்கிறது, அதற்கு இலவசப் பஸ். ஒன்றாம் முனையத்தை ஒட்டியே ஜுவல் என்கிற பெரிய கண்ணாடிக் கட்டடம், 2019-இல் திறந்தது, உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற அருவி. நுழைய டிக்கெட் கிடையாது. எல்லாரும் அங்கே போட்டோ எடுக்கத்தான் போகிறீர்கள், அதனால் சந்திக்கிற இடத்தை அதுவாகவே வைத்துக்கொண்டால் குழப்பம் மிச்சம்.

நகரத்துக்குள் போக எது நல்லது: ரயிலா, டாக்சியா?

நாலு பேர், நாலு பெட்டி, கூட வயதானவர்கள் என்றால் யோசிக்காமல் டாக்சி. மீட்டர் போடுவார்கள், பேரம் கிடையாது. மீட்டர் தொகையோடு விமான நிலையக் கூடுதல் கட்டணம் நேரத்தைப் பொறுத்து 6 முதல் 8 வெள்ளி வரை சேரும் (அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், பழகிக்கொள்ளுங்கள்). நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டரில் பாதி கூடும். நகரத்துக்குள் போகச் சாதாரண நேரத்தில் 25–35 வெள்ளி ஆகும். நடு இரவில் இறங்கினால் அதைவிடக் கணிசமாக அதிகம், ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள், மனசு கேட்காது. கிராப் செயலியிலும் கார் கூப்பிடலாம். ஆனால் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை இருந்தால் அப்படி வருகிற தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதி இல்லை, வரிசையில் நின்று ஏறிவிடலாம்.

தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு எம்.ஆர்.டி. ரயில்தான். கட்டணம் இரண்டு வெள்ளிச் சொச்சம். நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில். காலை ஐந்தரை மணி வாக்கில் முதல் ரயில், இரவு பதினொன்றுக்கு மேல் நம்பாதீர்கள். திருச்சியிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியலில் இறங்குகிற விமானத்தில் வந்தால், முகம் கழுவி, குழாய்த் தண்ணீரே பிடித்துக் குடித்துவிட்டு (அங்கே குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்) முதல் ரயிலுக்கு உட்கார்ந்திருப்பதில் தப்பே இல்லை.

எந்த ரயில், எங்கே மாற வேண்டும்?

வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நம் ஆட்கள் போகிற இடம் பெரும்பாலும் இரண்டுதான், அதை மட்டும் சொல்கிறேன்.

டேங்க் ரோடு கோயிலுக்கு: சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்குங்கள். ஒரே ஒரு நிலையம்தான், உட்கார்ந்து தூங்கிவிடாதீர்கள். அங்கே டவுன்டவுன் என்கிற நீலத் தடத்துக்கு மாறி, புக்கிட் பாஞ்சாங் போகிற திசையில் ஏறினால் பதினைந்தாவது நிறுத்தம் ஃபோர்ட் கேனிங். அங்கிருந்து கோயில் நடக்கிற தூரம்.

தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு: அதே நீல ரயில்தான், ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. அந்தத் தடம் ஜாலான் புசார் வரை வந்து, தேக்கா பக்கத்திலேயே இருக்கும்போது, அதை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் ஒரு வளையம் சுற்றி, அதன் பிறகுதான் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வரும். பெட்டி இல்லையென்றால் ஜாலான் புசாரிலேயே இறங்கிப் பத்து நிமிஷம் நடந்துவிடுங்கள். பெட்டி இருந்தால் உட்கார்ந்தே சுற்றி வாருங்கள், ஏசிதானே. முஸ்தபா கடைதான் போக வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்து நிலையம் ஃபேரர் பார்க், வேறு தடம்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

ஒரு தடவைப் பயணத்துக்கான டிக்கெட்டை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். விசா, மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள, தொட்டுச் செலுத்துகிற வங்கி அட்டை இருந்தால் அதையே வாசலில் தொட்டு உள்ளே போகலாம், வெளியே வரும்போதும் தொட வேண்டும். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடப் பிடிப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை: நீங்கள் தொட்டுவிட்டுப் பின்னால் வருகிற ஆச்சிக்கு அதையே தொடக் கூடாது. ரூபே மட்டும் வைத்திருப்பவர்களும், பத்து நாள் தங்குகிறவர்களும் ஈஸி-லிங்க் அட்டை வாங்கிவிடுவது நல்லது. பத்து வெள்ளி, அதில் ஐந்து பயணத்துக்கு.

கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் 'வெளிநாட்டுப் பயன்பாடு', 'தொடாமல் செலுத்துதல்' (கான்டாக்ட்லெஸ்) இரண்டையும் திறந்துவிடுங்கள். நான் திறக்காமல் போய், வாசல் சிவப்பாக எரிய, பின்னால் அலுவலகத்துக்குப் போகிற வரிசை முழுக்க ஒதுங்கி வேறு வாசலுக்குப் போனது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

0.9 மீட்டருக்குக் குறைந்த உயரக் குழந்தைகளுக்குக் காசு இல்லை. பஸ்ஸிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும், காசாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள்.

ரயிலில் கட்டுச்சோறு சாப்பிடலாமா?

கூடாது. தண்ணீரும் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். நம் ஆட்களுக்குக் கஷ்டமான விதி இதுதான், புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். டுரியான் பழத்துக்கு உள்ளேயே அனுமதி இல்லை. நகரும் படியில் நிற்பவர்கள் இடப்பக்கம், நடப்பவர்களுக்கு வலப்பக்கம் விட வேண்டும்.

சிம், ரூபாய் மாற்றுவது, சார்ஜர்?

சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். இலவச வைஃபை இருக்கிறது, வந்து சேர்ந்தாயிற்று என்று வீட்டுக்குச் சொல்ல அது போதும். முதல் நாளுக்கு நூறு வெள்ளி கையில் இருந்தால் போதும், மீதியைத் தேக்காவில் நாலு கடை கேட்டுவிட்டு மாற்றுங்கள். அங்கே பிளக் சதுரக் கால் மூன்று உள்ளது, நம்முடைய உருண்டைக் கால் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

டேங்க் ரோடு கோயிலில் தங்க இடம் கிடைக்குமா? அந்தக் காலத்தில் கிட்டங்கியில் தங்குவார்களாமே?

அந்தக் காலம் போய்விட்டது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டைச் செட்டித் தெரு என்றே சொல்வார்கள். அங்கே கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தொழிலும் தங்கலுமாக இருந்த கூடத்தில், வரிசையாகப் பெட்டியடி (கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்து தொழில் செய்கிற இடம்), அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. இப்போது அந்தப் பக்கம் முழுக்க வானுயரக் கட்டடங்கள், போய்ப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது 1859-இல் தொடங்கிய தெண்டாயுதபாணி கோயில்தான். 2014-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். தங்க ஓட்டலோ சொந்தக்காரர் வீடோ பார்த்துக்கொள்ளுங்கள், தைப்பூச வாரம் என்றால் மாதங்களுக்கு முன்பே. மதியம் நடை சாத்திவிடுவார்கள், இறங்கின வேகத்தில் பெட்டியோடு நேராக உச்சிவேளையில் போய் நிற்காதீர்கள்.

தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோட்டுக்கு வரும், அந்தச் சாலைகளில் டாக்சி நுழையாது, ரயில்தான். முந்தின நாள் செட்டிப் பூசம். வெள்ளி ரதம் கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வருவதை விடாதீர்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

தேக்காவில் இறங்கினால் கேள்வியே இல்லை. கோமள விலாஸ் 1947-லிருந்து சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் உணவங்காடிகளில் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், 'வெஜிடேரியன்' என்று சொன்னாலும் முட்டை இல்லாமல், மீன்பொடி இல்லாமல் என்று தனியாகச் சொல்ல வேண்டும். காபிக்கு ஏங்குகிறவர்கள் 'கோப்பி' என்று கேளுங்கள். கட்டிப்பால் போட்டுத் தித்திப்பாக வரும், நம் டிகாக்‌ஷன் காபியோடு ஒப்பிடாமல் குடித்தால் நன்றாகவே இருக்கும்.

திரும்பும்போது கோடாலித் தைலம் எத்தனை கொண்டு வரலாம்?

கைப்பையில் என்றால் ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிக்குள், எல்லாக் குப்பியும் சேர்ந்து ஒரு லிட்டர்ப் பைக்குள் அடங்க வேண்டும். பெட்டிக்குள் போடுவதே சுலபம். குப்பிகளைத் துணிக்கு நடுவே வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள், ஒன்று கசிந்தால் காரைக்குடி வருகிற வரை பட்டுச்சேலை எல்லாம் தைலம் மணக்கும். எத்தனை என்று கேட்டால், தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஐந்து.